நீச்சல்குளத்து லாக்கர்கள் திறக்காமல் போனது குறித்து லிப்ட் மாமா சொன்னது

என் பெயர், தகப்பனார் பெயர், கதவு எண் ஆகியவற்றைக் காவல் நிலைய ரைட்டர் முதல் தாளில் தனியே எழுதிக்கொண்டார். அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. லிப்ட் மாமா என்று கேட்டால்தான் தெரியும். வயது அறுபத்தொன்று. பார்ப்பவர்கள் ஐம்பதுக்கு மேல் மதிப்பதில்லை. எட்டாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் எனக்குச் சொல்லிக்கொடுக்க அவர்களிடம் ஒன்றும் இல்லாததால் நானே நின்றுவிட்டேன். அதன் பிறகு முப்பத்து நான்கு ஆண்டுகள் லிப்ட் பழுதுபார்க்கும் வேலை செய்து ஓய்வு பெற்றேன். இந்த ஊரில் மாடி ஏறியவர்களில் பாதிப் பேர் என் கைவண்ணத்தில் ஏறியவர்கள். தற்போது நான்காவது மாடியில் என் அக்காவோடும் அக்கா மகளோடும் குடியிருக்கிறேன். அக்கா மகளுக்கு வயது முப்பத்து மூன்று. அவளைப் பாப்பா என்றே அழைப்பேன். இந்த வாக்குமூலத்திலும் அப்படியே எழுதும்படி கேட்டுக்கொண்டேன்.

என்னை யாரும் அழைத்து வரவில்லை. இன்று காலை நானாகவே நிலையத்துக்கு வந்து, சுவரோரப் பெஞ்சில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து, "நாளைக்கு வாங்க பெரியவரே" என்று நான்கு முறை சொல்லப்பட்டும் எழுந்திருக்காததால், ஆய்வாளர் அம்மா என்னை உள்ளே கூப்பிட்டார். பாப்பா மீது நீச்சல்குள நிர்வாகமும் லாக்கர் கம்பெனியும் சேர்ந்து கொடுத்த புகாரில், வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட பிறகும் அவள் வேண்டுமென்றே ஒரு கணினி நிரலை நீக்கினாள் என்று இருக்கிறது. அவர்கள் வேண்டாம் என்று கேட்டது உண்மை. கேட்டது அவளிடம் அல்ல. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

பாப்பா பகலில் ஓர் அலுவலகத்துக்குப் போகிறாள். விடிந்ததிலிருந்து எட்டு மணி வரையிலும், விடுமுறை நாட்களில் முழு நாளும் வேறொரு வேலை பார்க்கிறாள். கணினிகள் தங்களுக்குள் பேசிக்கொள்வதை ஒட்டுக்கேட்பவனுக்குப் புரியாதபடி பூட்டி அனுப்பும் நிரல்களை ஒரே இடத்தில் தொகுத்து வைத்திருக்கிறார்கள். லைப்ரரி என்பார்கள். புத்தகம் ஒன்றும் கிடையாது. யார் வேண்டுமானாலும் உள்ளே போய்ப் படிக்கலாம், எடுத்துப் போய்த் தங்கள் இயந்திரத்தில் பொருத்திக்கொள்ளலாம். யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, யாருக்கும் சொல்லவும் வேண்டியதில்லை. சொல்ல வேண்டியதில்லை என்பதில்தான் எல்லாத் தலைவலியும். இதைப் பராமரிப்பவர்கள் உலகத்திலேயே மூன்று பேர். பாப்பா ஒருத்தி, கடல் தாண்டி ஒரு தாடிக்காரர், முகமே காட்டாத இன்னொருவர். நான்காவது ஆள் நான்தான் என்று பல இடங்களில் சொல்லியிருக்கிறேன். சின்ன வயதில் பாப்பாவுக்குக் கணினியில் முதல் பாடம் எடுத்தவனும் நான்தான்.

அந்தத் தொகுப்பின் அடியில் பழைய பூட்டு முறை ஒன்று கிடந்தது. பாப்பா பிறப்பதற்கு முன்னால் யாரோ எழுதியது. அதைச் சுற்றி, இப்போது எங்கேயும் ஓடாத இயந்திரங்களுக்காகச் சேர்த்த ஒட்டுவேலைகள். மொத்தம் பதினோராயிரத்து நானூறு வரி. வீட்டுக் கணினி வைத்திருக்கிற எவனும் அந்தப் பூட்டை ஒரு மத்தியானத்தில் உடைத்துவிடலாம் என்று பாப்பா சொல்வாள். உள்ளே ஓரிடத்தில் "இதைத் தொடாதே, ஏன் என்று எனக்கும் தெரியாது" என்று குறிப்பு எழுதிவைத்துவிட்டு, எழுதியவர் போய்ச் சேர்ந்துவிட்டார். புதிதாக ஓர் ஆணி அடித்தால் பழைய பக்கத்தில் எங்கேயோ காரை உதிரும். அதை ஒட்ட இரண்டு ஞாயிற்றுக்கிழமை போகும். மூன்று வருடமாகப் பாப்பா இதற்காகவே பல்லைக் கடித்துக்கொண்டிருந்ததை நான் கண்ணால் பார்த்தவன். எடுத்துவிடலாம் என்று இவள் எழுதுவாள். யாராவது பயன்படுத்திக்கொண்டிருந்தால் என்ன செய்வது என்று தாடிக்காரர் பதில் எழுதுவார். யார் என்று இவள் கேட்பாள். தெரியாது, யாராவது இருக்கலாம் என்று அவர் எழுதுவார். ஒருநாள் அவள் கணினியை மூடி வைத்துவிட்டு, "அந்த யாராவதை ஒரே ஒரு தடவை என் கண்ணுல காட்டச் சொல்லுங்க மாமா, கால்ல விழுந்து கும்பிட்டுட்டு நான் என் வேலையைப் பார்க்கறேன்" என்றாள்.

அதன் பிறகு மூவரும் பேசி, நோட்டீஸ் ஒட்டுவது என்று முடிவானது. அது அவர்கள் தொழிலில் உள்ள முறை. இன்ன தேதியில் இது நீக்கப்படும், வேண்டும் என்பவர்கள் சொல்லுங்கள் என்று லைப்ரரி வாசலில் எழுதிப் போட்டு ஒரு முழு வருடம் காத்திருக்க வேண்டும். ஒரே ஒருவர் வேண்டும் என்று சொன்னாலும் நிறுத்திவைத்துவிட்டு அவரோடு பேச வேண்டும். லிப்டை நிறுத்துவதற்கு முன் நாங்களும் இப்படித்தான் ஒட்டுவோம். ஒரு மாதம் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். நிறுத்திய மறுநாள் கட்டடமே வந்து என் சட்டையைப் பிடிக்கும்.

நோட்டீசில் மின்னஞ்சல் முகவரியோடு எங்கள் வீட்டு லேண்ட்லைன் எண்ணையும் போடலாம் என்பது என் யோசனை. கம்பெனிகளில் இருக்கிறவர்களுக்குக் கடிதம் எழுதுவதைவிடப் போன் போட்டுப் புலம்புவது சுலபம் என்று எடுத்துச் சொன்னேன். பகல் முழுக்க வீட்டில் இருப்பவன் நான்தான். பாப்பா ஒரு நீள நோட்டில் மூன்று பத்தி கோடு போட்டுக் கொடுத்தாள்.

"மாமா, யாரு, எதுக்கு வேணும், எப்ப வரைக்கும் வேணும். இந்த மூணு மட்டும்தான். கூட எதையும் சேர்க்காதீங்க."

"என்னைப் பத்தி உனக்குத் தெரியாதாம்மா?"

"தெரியும். அதனாலதான் சொல்றேன்."

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று ஆய்வாளர் அம்மாவிடம் கேட்டுக்கொண்டேன். எங்கள் வீட்டில் நான் எதைச் சொன்னாலும் பத்தால் வகுத்துக்கொள்வது வழக்கம். பத்து பேர் வந்தார்கள் என்றால் ஒருவர் வந்தார் என்று எடுத்துக்கொள்வார்கள். இந்த வழக்கத்தை ஆரம்பித்தது என் அக்கா, பழகிக்கொண்டது பாப்பா. எனக்கும் அது சௌகரியமாகவே இருந்தது. எப்படியும் வகுக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததால் நான் பத்தால் பெருக்கியே சொல்லிவந்தேன்.

அதன் பிறகு மூன்று மாதம் போன் மணி அடித்ததே அபூர்வம். மெத்தைக் கடை என்று நினைத்து மூன்று பேர் கூப்பிட்டார்கள். மூவருக்கும் இப்படிப் பூட்டி அனுப்புகிற குறியாக்கம் என்றால் என்னவென்று விளக்கிவிட்டே வைத்தேன். ஒருவர் நன்றி சொன்னார்.

நோட்டீஸ் ஒட்டிய நான்காம் மாதம், ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றே கால் மணிக்கு நான் பழைய செய்தித்தாளை விரித்து நகம் வெட்டிக்கொண்டிருந்தபோது மணி அடித்தது. எடுத்தேன்.

"சார், லைப்ரரி ஆபீசுங்களா?"

"ஆமா."

"அதைப் பார்த்துக்கிற சார் இருக்காருங்களா?"

ஓய்வு பெற்ற பிறகு என்னை யாரும் சார் என்று அழைத்ததில்லை. அதற்கு முன்பும் அப்படி ஒன்றும் வரிசையில் நின்று அழைத்துவிடவில்லை. அவர் ஒரே மூச்சில் இரண்டு முறை சொன்னார்.

"நான்தான். தலைமை" என்றேன்.

அவர் லாக்கர் கம்பெனியிலிருந்து பேசுவதாகச் சொன்னார். நீச்சல்குளங்களிலும் உடற்பயிற்சிக் கூடங்களிலும் கையில் கட்டும் பட்டையைக் காட்டினால் திறக்கிற லாக்கர்கள் அவர்கள் செய்வதாம். "எங்க லாக்கர் எல்லாமே அந்தப் பழைய முறையிலதான் சார் ஓடுது. மாத்தணும்னா ஒவ்வொண்ணா கழட்டணும். ரெண்டு வருஷம் அவகாசம் குடுங்க சார்."

"ரெண்டு என்ன, இருபது எடுத்துக்குங்க. நான் இந்த நாற்காலியில இருக்கிற வரைக்கும் ஒரு வரியை எவனும் தொட முடியாது."

"எழுத்துல ஏதாவது கிடைக்குங்களா சார்?"

"என் வாக்குதான்யா எழுத்து."

அதன் பிறகு அவர் பெயர் கேட்டதற்கு, தலைமை என்று போட்டால் போதும், எல்லாருக்கும் தெரியும் என்றேன். அவர் தேதியையும் மணியையும் எழுதிக்கொள்வது போனிலேயே கேட்டது. பிறகு லிப்டில் இரண்டு மாடிக்கு நடுவே சிக்கிய ஒரு கல்யாண கோஷ்டியை நான் மீட்ட விவரத்தைச் சொன்னேன். அவர் கடைசி வரை கேட்டார், விலாசத்தையும் கேட்டு எழுதிக்கொண்டார். அடுத்த வாரம் கம்பெனியிலிருந்து தபாலில் ஒரு தொப்பி வந்தது. நீலத் தொப்பி, முன்னால் மஞ்சளில் ஒரு பூட்டுப் படம். போட்டியில் ஜெயித்தது என்று பாப்பாவிடம் சொன்னேன். என்ன போட்டி என்றாள். நீச்சல் என்றேன்.

நோட்டில் ஏன் எழுதவில்லை என்று ஆய்வாளர் அம்மா கேட்டார். எழுதியிருந்தால் பாப்பா அன்றைக்கே அந்த ஆளைக் கூப்பிட்டுப் பேசியிருப்பாள். தலைமை என்று சொன்னவன் யார் என்று அவர் கேட்டிருப்பார். எங்க மாமா, வீட்டில் சும்மா இருக்கிறார் என்று அவள் சொல்லியிருப்பாள். அதனால் மூன்று பத்தியையும் தாண்டிக் குறுக்காக, "முக்கியமான ஒருவர் பேசினார். நானே பார்த்துக்கொண்டேன்" என்று எழுதினேன். அந்த நோட்டை இத்துடன் ஒப்படைத்திருக்கிறேன். பன்னிரண்டாம் பக்கம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாப்பா நோட்டைப் புரட்டிவிட்டு, "யாரு மாமா இது, முக்கியமான ஆளு?" என்றாள். மந்திரி அளவில் ஒருத்தர், உன் சேவையைப் பாராட்டினார் என்றேன். அவள் சிரித்தாள். மந்திரியைப் பத்தால் வகுத்தால் மெத்தைக் கடை வரும் என்று அவள் கணக்குப் போட்டிருப்பாள். பக்கத்தைத் திருப்பிவிட்டாள்.

அதன் பிறகு எட்டு மாதம் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் பாப்பா நோட்டைப் பார்ப்பாள், மின்னஞ்சலைப் பார்ப்பாள். "ஒருத்தர்கூடவா இல்ல?" என்பாள். "எல்லாரும் மாறிட்டாங்கம்மா, உலகம் முன்னேறிடுச்சு" என்பேன்.

வருடம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குப் பாப்பா என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டாள். திரையில் நீக்கப் போகிற வரிகள் எல்லாம் சிவப்பாக இருந்தன. உருட்ட உருட்டச் சிவப்பு. மூன்று வருடத்தில் அவள் முகம் அவ்வளவு லேசாக இருந்து நான் பார்த்ததில்லை. நாற்காலியை விட்டு எழுந்து என்னை உட்காரச் சொன்னாள்.

"நீங்களே அமுக்குங்க மாமா. ஒரு வருஷம் போனைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்க. உங்களுக்குத்தான் அந்த உரிமை."

அந்த நேரத்தில் லாக்கர் கம்பெனிக்காரர் நினைவுக்கு வந்தாரா என்று ஆய்வாளர் அம்மா கேட்டார். வந்தார். அவர் குரலே வந்தது. லாக்கர்தானே, துணி வைக்கிற பெட்டி, அதற்குள் என்ன பெரிய ரகசியம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எட்டு மாதத்தில் அவர்களே மாற்றியிருப்பார்கள் என்றும் சொல்லிக்கொண்டேன். அமுக்கினேன். சிவப்பு எல்லாம் போய்விட்டது. பாப்பா கை தட்டினாள்.

மறுநாள் திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு நான் வழக்கம்போல் பொது நீச்சல்குளத்துக்குப் போனேன். வாரம் மூன்று நாள் போகிறேன். ஒரே மூச்சில் நாற்பது சுற்று நீந்துவேன். துணிகளை லாக்கரில் வைத்துப் பட்டையைக் கட்டிக்கொண்டு, வெயிலுக்காக நீலத் தொப்பியை மட்டும் தலையில் போட்டுக்கொண்டு குளத்தில் இறங்கினேன். பத்தரை மணிக்கு மேல் வெளியே வந்தவர்கள் பட்டையைக் காட்டியும் லாக்கர் திறக்கவில்லை. கம்பெனி ஒவ்வொரு திங்கட்கிழமையும் லைப்ரரியில் புதிதாக என்ன வந்திருக்கிறது என்று பார்க்காமலேயே அப்படியே எடுத்துத் தங்கள் லாக்கர்களுக்கு அனுப்பிவிடுமாம். வாசலில் இருந்த நோட்டீசைப் படித்தவர்கள்தான், என் வாக்கு கிடைத்ததும் வேலை முடிந்தது என்று நினைத்து, தானே அனுப்பும் ஏற்பாட்டை நிறுத்தாமல் விட்டுவிட்டார்கள். லாக்கர் தன் பழைய பூட்டு முறையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறது. அந்தப் பெயரில் அங்கே ஆள் இல்லை. லாக்கர் அறைக் காவலரிடம் இருந்த பொதுச் சாவியும் அதே முறைதான்.

லாக்கர் அறையில் அறுபது பேர் ஈரத் துணியோடு நின்றார்கள். நடுங்கினார்கள். ஒருவர் வேலைக்குப் போக வேண்டும் என்றார், ஒருவர் மகளைப் பள்ளியிலிருந்து கூப்பிட்டு வர வேண்டும் என்றார், ஒருவர் லாக்கரை உதைத்தார். என் தொப்பியில் இருந்த பூட்டுப் படமும் லாக்கர் கதவில் இருந்த பூட்டுப் படமும் ஒன்றாக இருந்ததை ஒரு குண்டு மனிதர் கவனித்துவிட்டார்.

"யோவ் தொப்பி! நீ கம்பெனி ஆளுதானே? திறய்யா!"

"நான் கம்பெனி ஆள் இல்லைங்க."

"அப்ப தொப்பி எப்படி வந்துச்சு?"

அதற்குள் லாக்கர் அறைக் காவலர் கம்பெனிக்குப் போன் போட்டு எல்லாரும் கேட்கும்படி வைத்தார். லைப்ரரிக்காரர்கள் பழைய முறையை எடுத்துவிட்டார்கள், நாங்கள் என்ன செய்வது என்று கம்பெனியிலிருந்து சொன்னார்கள். எந்தக் கழுதை எடுத்தது என்று குண்டு மனிதர் கத்தினார். கழுதை என்ற சொல்லை என்னால் பொறுக்க முடியவில்லை.

"மரியாதையா பேசுங்க. எடுத்தது நாங்கதான். நான் கம்பெனிக்கே மேல. பட்டனை அமுக்கினது இந்தக் கை" என்று கையைத் தூக்கிக் காட்டினேன்.

துண்டைப் போர்த்தியிருந்த ஓர் அம்மா, "அப்ப திருப்பி வைங்க!" என்றார். அது அப்படியெல்லாம் முடியாது, பதினோராயிரத்து நானூறு வரி, என் அக்கா மகள் மூன்று வருடம் போராடி எடுத்தது என்று விளக்கினேன். அக்கா மகள் யார், எங்கே இருக்கிறாள் என்று கேட்டார்கள். பெருமையாகவே சொன்னேன். கதவு எண் வரை சொன்னேன்.

அதன் பிறகு ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவருக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. அவர் பேச முடியாமல் இருபத்தேழாம் எண் லாக்கரைக் கையால் காட்டினார். மூச்சுக்கு உறிஞ்சும் மருந்து அதற்குள் இருந்தது. நான் பாய்ந்து போய், லாக்கர் கதவின் கீல் திருகுகளை ஒரே நிமிடத்தில் கழற்றிக் கதவைப் பெயர்த்து மருந்தை எடுத்துக் கொடுத்தேன். அதற்குள் அவர் உதடு நீலமாகிவிட்டது. ஆம்புலன்சில் ஏற்றினார்கள். இரண்டு நாள் மருத்துவமனையில் இருந்து இப்போது வீட்டில் நலமாக இருக்கிறார் என்று ஆய்வாளர் அம்மா இன்று சொன்னார். அதைக் கேட்ட பிறகுதான் மேஜையில் இருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தேன்.

அன்று மாலை ஆறு மணிக்கு, பாப்பா அலுவலகத்திலிருந்து வந்த கையோடு, நிலையத்திலிருந்து இருவர் வீட்டுக்கு வந்து அவளுடைய கணினியையும் போனையும் எடுத்துப் போனார்கள். அவளுக்கு அப்போதுதான் விஷயமே தெரியும். அவள் உடனே அக்காவின் போனிலிருந்து மற்ற இருவருக்கும் எழுதி, பழைய முறையைத் தற்காலிகமாகத் திருப்பி வைக்கச் சொன்னாள். ஒரு மணி நேரத்தில் லாக்கர்கள் திறந்துகொண்டன. என் விளக்கம் தவறு, திருப்பி வைக்க முடியும். மறுநாள் அலுவலகத்தில் விசாரணை முடியும் வரை வர வேண்டாம் என்றார்கள். லைப்ரரியில் கை வைக்கும் அவளுடைய அனுமதியை மற்ற இருவரும் நிறுத்தி வைத்தார்கள். தாடிக்காரர் எழுதியதை அவள் எனக்கு வாசித்துக் காட்டினாள். "யாராவது இருந்தார், பார்த்தாயா" என்று ஒரே வரி.

அதன் பிறகு நேற்று மத்தியானம் கம்பெனி கொடுத்த புகாரின் நகல் வந்தது. சாப்பாட்டு மேஜையில் அதை வைத்து, பக்கத்தில் என் நோட்டின் பன்னிரண்டாம் பக்கத்தைத் திறந்து வைத்தாள். அக்கா தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"நாலாம் மாசம், ஒன்பதாம் தேதி. முக்கியமான ஒருத்தர். யாரு மாமா?"

"அதான் சொன்னேனேம்மா. பாராட்டினவர்."

"இந்தப் புகார்லயும் அதே தேதிதான் இருக்கு. பதினொன்றே கால் மணி. தலைமைப் பொறுப்பாளர் போன்ல வாக்கு குடுத்தார்னு எழுதியிருக்காங்க."

அன்றைக்கு நிறைய போன் வந்தது என்றேன். அதையும் சொன்னேன் என்பதை எழுதிக்கொள்ளும்படி ரைட்டரிடம் கேட்டுக்கொண்டேன். பாப்பா புகாரை மடித்து வைத்தாள். எழுந்து போய் ஆணியில் தொங்கிய நீலத் தொப்பியை எடுத்து, பூட்டுப் படத்தைக் கட்டைவிரலால் ஒரு தடவை தடவிப் பார்த்தாள். "நீச்சல் போட்டி" என்று அவளே சொல்லி, மறுபடியும் அதே ஆணியில் மாட்டினாள்.

"ஒரே ஒருத்தர் வேணும்னு சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேன் மாமா. அதுக்குத்தானே ஒரு வருஷம் காத்துக்கிட்டு இருந்தேன். நீங்க சொல்றதுல எப்பவும் பத்துல ஒண்ணு எடுத்துக்குவேன். அன்னிக்கு அந்த ஒண்ணையும் விட்டுட்டேன் பாருங்க, என்னைத்தான் சொல்லணும்."

நான் நிலையத்துக்குப் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்றேன். போகாதீங்க, என்னைக் காப்பாத்த கதை விடறீங்கன்னுதான் நினைப்பாங்க, இன்னும் மோசமாகும் என்றாள்.  லேண்ட்லைன் கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிச் சுருட்டி மேஜை மேல் வைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

இன்று மேற்கண்டவற்றைச் சொல்லி முடித்ததும் ஆய்வாளர் அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "பொண்ணைக் காப்பாத்த நல்லாவே கதை சொல்றீங்க பெரியவரே" என்றார். பாப்பா சொன்ன அதே சொல். அறுபத்தொரு வருடத்தில் ஒரே ஒரு நாள் உள்ளதைச் சொல்ல வந்தால் அன்றைக்குப் பார்த்து நம்ப ஆள் இல்லை என்று நான் மேஜையைத் தட்டினேன். தட்டியது தவறு. அதன் பிறகு அவர் ஒரு கோப்பைத் திறந்து, குளத்துக் காவலரின் வாக்குமூலம் இருக்கிறது, வருகைப் பதிவேடு இருக்கிறது என்று காட்டினார்.

"உங்க வாக்குமூலத்துல ஒரு இடம் இதோட ஒத்து வரலைன்னாலும் எதிர்த்தரப்பு வக்கீல் மொத்தத்தையும் தூக்கிக் குப்பையில போடுவாரு. போன் விஷயமும் சேர்ந்து போயிடும். அப்புறம் அந்தப் பொண்ணு பாடு. யோசிச்சுக்குங்க."

யோசித்தேன். ரைட்டரை முதல் தாளிலிருந்து வாசிக்கச் சொன்னேன். சிவப்புப் பேனா ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ஒன்பதாம் வகுப்பு பற்றிய வரியை அடித்தேன். எட்டில் இரண்டு முறை தவறினேன். ஊரில் பாதிப் பேர் என்பதை அடித்தேன். நான் பார்த்துக்கொண்டவை இரண்டு கட்டடங்கள், அதிலும் ஒன்றில் படிக்கட்டுதான் நன்றாக இருந்தது. பெஞ்சில் மூன்று மணி நேரம் என்பதைச் சுவர்க் கடிகாரத்தைக் காட்டி ஆய்வாளர் அம்மாவே அடிக்கச் சொன்னார். நாற்பது நிமிடம். பாப்பாவுக்கு முதல் பாடம் எடுத்தது நான் அல்ல. எனக்குப் போனில் எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்ததே அவள்தான். கல்யாண கோஷ்டியை அடித்தேன். அது ஒரு பீரோவும் அதோடு வந்த ஒருவரும். நாற்பது சுற்று என்பதை அடித்தேன். ஆழமில்லாத பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன், எனக்கு நீந்தத் தெரியாது. அறுபது பேர் என்பதைப் பதிவேட்டின்படி பத்தொன்பது என்று திருத்தினேன்.

இருபத்தேழாம் எண் லாக்கரில் பேனா நின்றுவிட்டது. ரைட்டர் காத்திருந்தார். அந்த வரி எனக்கு வேண்டியிருந்தது. திருகுகளைக் கழற்றியவர் காவலர். ஒரு நிமிடம் அல்ல, பதினொரு நிமிடம் ஆனது. கீல் பக்கம் கழற்றலாம் என்று சொன்னதும் அவர்தான். நான் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றேன். வெளிச்சத்தைத் திருகில் காட்டாமல் ஆசிரியை பக்கமே திருப்பிக்கொண்டிருந்தேன். அவர் இரண்டு முறை என்னைத் திட்டினார். அந்த வரியையும் அடித்துக் கையொப்பம் போட்டேன்.

அடித்த பிறகு தாள்களைப் பார்த்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை பாப்பாவின் திரையில் இருந்ததைப் போலச் சிவப்பாக இருந்தன.

"தலைமைன்னு சொன்னதையும் அடிச்சிடலாமா?" என்று ரைட்டர் கேட்டார். வேண்டாம் என்றேன். நான் தலைமை இல்லை. ஆனால் அன்றைக்குப் போனை எடுத்து, நான்தான் தலைமை, ஒரு வரியும் போகாது என்று அந்த மனிதருக்கு வாக்குக் கொடுத்தது நான். அந்த இடத்தை அடித்தால் பழி மறுபடியும் அவள் தலையில் போய் உட்காரும். பன்னிரண்டாம் பக்கத்தில் நான் குறுக்காக எழுதியதையும், பட்டனை அமுக்கும்போது எனக்கு ஞாபகம் வந்ததையும் அப்படியே விடச் சொன்னேன்.

சிவப்பில் அடித்தவை போக மேலே மிச்சமிருக்கும் எல்லாம் நான் என் வாயால் சொல்லி, ரைட்டர் எழுதி, எனக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டப்பட்டு, நடந்தது நடந்தபடியே இருப்பதாக நான் ஒத்துக்கொண்டவை. இதில் எதையும் பத்தால் வகுக்க வேண்டியதில்லை.

கையொப்பம்
(லிப்ட் மாமா)

என் முன்னிலையில் சொல்லப்பட்டது. எட்டு இடங்களில் உள்ள அடித்தல் திருத்தல்கள் சொன்னவர் கையாலேயே செய்யப்பட்டவை.
ஆய்வாளர்